ரோசியின் பக்கத்தில் ஒரு திருத்தம்

அன்பு மகளே,

நாளைக்குக் காலையில் நீ ஹட்டனில் ரயிலேறப் போகிறாய். எனக்கு இன்றைக்கே கால் தரையில் நிற்கவில்லை. விடிந்ததிலிருந்து உன் நீலச் சேலையை மூன்று தடவை இஸ்திரி போட்டுவிட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி தேச்சா அதுல ஓட்டதான் விழும், புள்ள ஓட்டச் சேலையோடதான் போகணும்" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த என் பெண்ணை, அவள் மிருக வைத்தியம் படித்த அதே பல்கலைக்கழக வளாகம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. நாய்களுக்குப் பயமில்லாமல் மயக்கம் கொடுப்பது எப்படி என்று மேற்படிப்புப் படிக்க இடம் தரலாமா என்று பார்க்க, 'கிளினிக் குறிப்பு எழுதிய கொப்பியையும் கொண்டு வந்து பேசு' என்று சொல்லியிருக்கிறார்கள். நான் குதிக்காமல் வேறு யார் குதிப்பது? "நாய்க்கு ஊசி போடுறதுக்கு இன்னும் என்னா படிப்பு?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவைத்து அரை மணி நேரம் வகுப்பே எடுத்துவிட்டேன். பாவம், அவள் உப்பு கேட்டு வந்தவள்.

நீ கிளினிக் சாவியை ஒப்படைத்துவிட்டு வர ஹட்டனுக்குப் போயிருக்கிறாய். நீ வருவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழும்பி, சோறு கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ கடைசி வரி வரைக்கும் வாசிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. கிளினிக் சுவரில் ஒட்டினாலும் சரி, நாய் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும். இவ்வளவு நாளும் மறைத்தது போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுப் பார்த்த வேலை இரண்டுதான். ஒன்று, தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. அம்மாமார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளை வரிசையாகத் தொட்டிலில் போட்டு ஆட்டித் தூங்கவைத்தே எனக்குத் தலை நரைத்தது. நீயும் அங்கே கிடந்தவள்தான். இருபது பிள்ளைகள் தூங்கினாலும் ஒரு பிள்ளை மட்டும் முழித்துக்கொண்டு என்னையே பார்க்கும், அது நீ. இரண்டாவது வேலை நீ கொடுத்தது. நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்து உன் அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் வந்து, "அம்மா, எத்தன புள்ளைங்களத் தூங்கவச்சிருப்பீங்க. தூக்கம் எப்படி வருதுன்னு ஒங்களுக்குத் தெரியும். என் நாய்ங்களக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டாய். நான் உன்னை முறைத்தேன். பிள்ளையும் நாயும் ஒன்றா என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமையே புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்து நின்றேன்.

பெரிய மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் நாயை அமைதிப்படுத்த ஓர் ஊசி போடுவீர்கள். அதில் இரண்டு வகை மருந்து உன்னிடம் இருந்தது. நம் ஊர் நாய்களுக்கு, நம் ஊர் குளிருக்கு எது நல்லது என்று பார்க்க வேண்டும் என்றாய். மருந்து எடுத்துக் கொடுக்கும் செல்விக்கு மட்டும்தான் எந்த ஊசியில் எது என்று தெரியும். ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டுவாள், மற்றதற்கு வெள்ளை நூல். உனக்கும் தெரியாது, நாயைப் பார்த்துக் கொப்பியில் எழுதப்போகிற எனக்கும் தெரியக்கூடாது. "தெரிஞ்சா கண்ணு ஒரு பக்கம் சாயும்மா" என்றாய். எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா! தன் கண்ணையே நம்பாமல் கண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உண்மையைத் தேடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் மகளே, நீ கட்டிய கட்டு மூன்றாவது நாளே அவிழ்ந்துவிட்டது; எந்த நூல் என்ன செய்யும் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை. சிவப்பு நூல் ஊசி போட்டால் நாய் முதலில் நாக்கைச் சப்பும், பிறகு வாந்தியெடுக்கும், பிறகு பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ஈறு வெளுக்கும். நீ காதுக்குழாயை என் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னாய்; தூரத்துத் தோட்டத்தில் யாரோ தப்பு அடிப்பதுபோல இதயம் மெதுவாக, விட்டு விட்டு அடித்தது. பயந்து உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "இது இப்படித்தாம்மா, பயப்படாதீங்க. செல்விகிட்ட மாத்து ஊசி இருக்கு, வேணும்னா எழுப்பிறலாம்" என்றாய். வெள்ளை வேறு மாதிரி. வாந்தி இல்லை. நாய் படுக்காது, ஆனால் அதற்கு உலகத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் விட்டுப்போகும். கண்ணின் மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் திரை மெல்ல ஏறும். கை தட்டினால் திரும்பிப் பார்க்கும், பார்த்துவிட்டு மறந்துவிடும். ஆனால் வெள்ளை போட்ட நாய் சீக்கிரம் குளிர்ந்துபோகும், எழும்பவும் நேரமெடுக்கும், அதை எழுப்ப மாற்று ஊசியும் கிடையாது. ஹட்டன் மழையில் மேசையில் கிடந்து நடுங்கும் நாய்களுக்கு என் பழைய கம்பளியை வெட்டித் துண்டு துண்டாகப் போர்த்தினேனே, எல்லாம் வெள்ளைக்காகத்தான். கடைசியில் செல்வி காகிதத்தைப் பிரித்து, சிவப்பு சைலசீன், வெள்ளை ஏசிபுரோமசீன் என்று வாசித்தபோது, அக்கா தங்கச்சிக்குப் பேர் வைத்த மாதிரி இருக்கிறதே என்று நான் சொல்ல, நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு முன்பே நம் வீட்டு நாய் ரோசியின் காரியம் நடந்துவிட்டிருந்தது. என் சிரிப்பில் பாதி பொய்.

ரோசிக்கு வருவதற்கு முன்னால் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும், இதை உன் அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லை. நான் பிள்ளைக்காம்பராவில் சேர்ந்த புதிது. ஒரு பெண் குழந்தை, நாள் முழுக்கக் கத்தும். மற்றப் பிள்ளைகளையும் எழுப்பிவிடும். ஒருநாள் என்னால் முடியவில்லை. அலுமாரியில் இருந்த சளிச் சிரப்பில் கொஞ்சம் கொடுத்தேன். கொஞ்சம் என்றுதான் நினைத்தேன். குழந்தை தூங்கியது. மத்தியானம் பால் கொடுக்க எழுப்பினேன், எழும்பவில்லை. தூக்கிக் குலுக்கினேன், தலை என் தோளில் அப்படியே விழுந்தது. அன்றைக்கு அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு, மூச்சு படுகிறதா படுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை. பின்னேரம் அதன் அம்மா மலையிலிருந்து இறங்கி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைத் திறந்து கொட்டாவி விட்டது. "புள்ள நல்லா தூங்குச்சாக்கா?" என்று அவள் கேட்டாள். "நல்லா தூங்குச்சு" என்றேன். அந்தப் பெண் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள், தீபாவளிக்கு வந்தால் என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். அவளைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கத் தோன்றும். தூக்கம் வேறு, மருந்து கொடுத்து வருகிற மயக்கம் வேறு என்று அன்றைக்கே கற்றுக்கொண்டேன். உண்மையைச் சொல்வதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி ரோசி. நம் வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்ய நாள் குறித்தாய். முதல் நாள் பின்னேரச் சோற்றோடு நிறுத்திவிட வேண்டும், காலையில் எதுவும் கொடுக்கக்கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறவளே நான்தான். "தேத்தண்ணிகூடக் கூடாதுங்க" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். ஆனால் அன்று காலை இஸ்தோப்புத் திண்ணையில் ரோசி வந்து நின்றது. அதற்கு நாம் தேத்தண்ணி ஊற்றுகிற சிரட்டை தெரியுமல்லவா, அதன் முன்னால் உட்கார்ந்து, சிரட்டையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நம் லயத்தில் யார் வெறும் வயிற்றோடு வாசல் தாண்டியிருக்கிறார்கள்? விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களும் குடிப்பார்கள், ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்கப் போகிறவர்களும் குடிப்பார்கள். வீட்டிலிருந்து ஓர் உயிர் தேத்தண்ணி குடிக்காமல் கிளம்பினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் பேச்சு விழும். நான் பால்மா கரைத்து, சீனியும் போட்டு, சிரட்டை நிறைய ஊற்றினேன். தேத்தண்ணி ஒரு சாப்பாடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நக்கி முடித்துவிட்டு மறுபடியும் பார்த்தது. இன்னொரு சிரட்டை ஊற்றினேன். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் ஹட்டனுக்கு வந்தேன், வழியெல்லாம் என் கையை நக்கிக்கொண்டே வந்தது.

நீ கேட்டாய்.

"அம்மா, ரோசி ஒண்ணும் திங்கலதானே?"

"இல்லடி. நேத்து வச்ச சோத்தோட சரி."

"தேத்தண்ணி?"

"ஊருக்கெல்லாம் சொல்றவளே நான்தான். எனக்கே படிச்சுத் தர்றியா நீ?"

நீ சிரித்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டாய். நான் கொப்பியைத் திறந்து, ரோசி என்று பெயர் எழுதி, அதற்குக் கீழே 'வெறும் வயிறு' என்று எழுதினேன். செல்வி ஊசியைக் கொண்டுவந்தபோது நான் முதலில் பார்த்தது நூலைத்தான். வெள்ளை. என் மனது என்ன சொன்னது தெரியுமா? 'அப்பாடா' என்றது. சிவப்பாக இருந்தால் வாந்தி வரும், தேத்தண்ணி மேசையில் கிடக்கும், நான் மாட்டிக்கொள்வேன். வெள்ளைக்கு வாந்தி இல்லை, பொய் உள்ளேயே இருந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குக் காலையிலிருந்து மூன்று தாள் கிழிந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். ரோசியின் கண்ணில் திரை ஏறியது. கால் நரம்பில் மயக்க மருந்தை ஏற்றினாய், கழுத்து தளர்ந்தது. தொண்டைக்குள் சுவாசக் குழாய் இறக்க வாயைத் திறந்தாய். அப்போது ஒரு சத்தமும் இல்லாமல் வாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. வாந்தி எடுக்கிற நாய் குமட்டும், உடம்பை வளைக்கும். இது சும்மா வழிந்தது. நாக்கு நீலமாகியது. "தலையக் கீழ தாழ்த்துங்க! செல்வி, சக்கர்!" என்று கத்தினாய். நான் ரோசியின் தலையை மேசை விளிம்புக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். நீ அந்த உறிஞ்சியால் தண்ணீரை இழுத்து எடுத்தாய், குழாயை இறக்கினாய், காற்றை ஊதினாய், நெஞ்சில் காதை வைத்தாய். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு மறுபடி சிவந்தது. நீ அது பித்தத் தண்ணீர் என்று நினைத்தாய். உன் மூக்கில் முகமூடி. செல்விதான், "என்னாங்க இது, தேத்தண்ணி வாசம் அடிக்குது?" என்று கேட்டாள். "என் கோப்ப கொட்டிருச்சு" என்றேன். தேயிலை விளையும் ஊரில் தேத்தண்ணி வாசத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அறுவைச் சிகிச்சையை நிறுத்திவிட்டாய். ரோசி இரண்டு வாரம் இருமியது, காய்ச்சல் வந்தது, நீ அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாய். பிழைத்துக்கொண்டது. இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது, ஒரு காதை மடித்துக்கொண்டு. ஆனால் அன்று பின்னேரம் கிளினிக் படியில் உட்கார்ந்து நீ சொன்னது என் காதைவிட்டுப் போகவே இல்லை. "என் கை பிந்திருச்சும்மா. கொஞ்சம் முந்திப் போட்டிருந்தா அது உள்ள போயிருக்காது" என்றாய். பிறகு, "அந்த வெள்ள இனி என் மேசைக்கே வேணாம். வெறும் வயித்து நாய்க்கே இப்பிடிப் பண்ணுதே" என்றாய். நான் உன் முதுகைத் தடவினேன். அதற்குப் பிறகு நீ கத்தியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உன் முகம் கறுத்ததைப் பார்த்தேன். இரண்டு தடவை யோசித்தாய், மூன்று தடவை யோசித்தாய், செய்யக்கூடிய சிகிச்சையைக் கண்டிக்குப் போகச் சொல்லி அனுப்பினாய்.

இந்த மேற்படிப்புக்கு எழுதிப்போட்ட கடிதத்தை நீ எனக்கு வாசித்துக் காட்டிய நாள்தான் எல்லாவற்றிலும் பெரிய நாள். எவ்வளவு சந்தோஷமாக வாசித்தாய்! "ஏம்மா, ரோசிக்கு ஏன் அப்பிடி ஆச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் போறேன். எத்தன வருசம் ஆனாலும் சரி" என்றாய். நான் தலையாட்டிக்கொண்டு உனக்குத் தட்டில் சோறு போட்டேன். வருஷக்கணக்காக நீ தேடப்போகிற விடை உனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டு நின்றது.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். பயம். சொன்னால் நீ கேட்கப்போன கேள்வியே செத்துப்போய்விடும், கேள்வி இல்லாவிட்டால் இடமும் கிடைக்காது என்று ஒரு பயம். என் கண்ணை நம்பி உட்காரவைத்தவள் இனி என்னை எப்படிப் பார்ப்பாள் என்று இன்னொரு பயம், அதுதான் பெரியது. சரி, என்னைப்போல வேறு யாராவது செய்திருப்பார்களா என்று பார்ப்போம் என்று நினைத்தேன். தப்புச் செய்தவள் கூட்டாளி தேடுவது மாதிரிதான் தொடங்கினேன், பொய் சொல்லவில்லை. தையல் வெட்டவும் தடுப்பூசிக்கும் நாய்களைத் திரும்பக் கொண்டுவருவார்களே, அந்த நாட்களில் வாங்குப் பலகையில் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். டொக்டர் கேட்பதுபோல நின்றுகொண்டு கேட்கவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டே, "அன்னக்கி ஒங்க புள்ள காலையில எழும்பிச்சே, என்னா குடிச்சிச்சு?" என்று கேட்டேன். டிக்கோயாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், "என்னாங்க, ரெண்டு வாய் தேத்தண்ணிதான். பசியோட அனுப்ப மனசு வருமா?" என்றார். ஒரு டீச்சர் அழுதேவிட்டார், பிஸ்கட் கொடுத்தாராம். காய்கறி லொறி ஓட்டுகிற சிங்களத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "பாண் பொட்டக் விதராய், நோனா" என்றான்; கொஞ்சம் பாண், ரொட்டித் துண்டுதானாம். உன்னிடம் இவர்கள் எல்லாரும் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொன்னவர்கள். கொப்பியில் எல்லாருக்கும் வெறும் வயிறு என்று எழுதியவள் நான்.

அப்போதுதான் மகளே, என் தலையில் பொறி தட்டியது. வாங்கில் இருந்தபடியே எழும்பி நின்றுவிட்டேன், டீச்சர் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார். நாம் இரண்டு மருந்தை ஒப்பிட்டோம். வயிற்றை ஒப்பிடவில்லை! சிவப்பு, வாந்தி எடுக்கவைக்கும் மருந்துதான். ஆனால் அந்த நாய்கள் குடித்துவந்த தேத்தண்ணியெல்லாம் நாம் குழாய் இறக்குவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டது, நாய் முழித்திருக்கும்போதே; நாம் அதை மருந்தின் வாந்தி என்று துடைத்துப் போட்டோம். வெள்ளை நல்ல பிள்ளை மாதிரி வாந்தியை அடக்கியது. பொய்யையும் சேர்த்து உள்ளேயே வைத்திருந்தது. நீ வெள்ளை மேல் எழுதிய குற்றத்தில் எவ்வளவு வெள்ளையுடையது, எவ்வளவு எங்கள் சிரட்டையுடையது? எனக்குத் தெரியாது, நான் படித்தவள் அல்ல. ஆனால் இது உன் பழைய கேள்வியைவிடப் பெரிய கேள்வி என்று மட்டும் தெரிகிறது. அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொல்ல முடியாமல், ரோசியிடம் சொன்னேன். அது வாலை ஆட்டியது.

கொப்பியின் ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்ன நட்சத்திரம் இருக்கிறதே, நீ பார்த்துவிட்டு "அம்மா, கொப்பியில கோலம் போடாதீங்க" என்று திட்டினாயே, அது கோலம் அல்ல. காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போன நாய்கள் அவை. யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சிலபேரை என்னால் கேட்க முடியவில்லை, அவர்களுக்குக் கேள்விக்குறி. கேட்டவர்களில் நட்சத்திரம் இல்லாத பக்கத்தை நீ தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறகு நான் செய்த இன்னொரு வேலையும் உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. நாய் முழித்த பிறகு கொடுக்க, அதற்குப் பிடித்த கஞ்சியை ஆளுக்கொரு போத்தலில் கட்டிக் கொண்டுவரச் சொன்னேன். கையில் ஏதாவது கட்டிக்கொண்டு வந்தால் வெறும் வயிற்றோடு அனுப்பிய குற்ற உணர்ச்சி அவர்களுக்கு வராது. இப்போது வாங்குக்குக் கீழே போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. ரோசிக்கு நடந்தது அதற்குப் பிறகு ஒரு நாய்க்கும் நடக்கவில்லை. நீ என்னை மெச்சி, "எங்கம்மா மூள யாருக்கு வரும்" என்று செல்வியிடம் சொன்னாய். அது மூளை இல்லை மகளே, பயம்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான். நீ வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றபடி கேட்டால், நம் சனம் உனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும். அது மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். குனிந்து, நாயைத் தொட்டுக்கொண்டு கேள். கொடுத்தீர்களா என்று கேட்காதே, என்ன கொடுத்தீர்கள் என்று கேள். கொடுத்தேன் என்று சொன்னவரைத் திட்டாதே. அன்றைக்கு நாளை மாற்றி வை, அவருக்கு ஒரு தேத்தண்ணியும் கொடு. பதில் சொன்னது உன் அம்மாவாக இருந்தாலும் இன்னொரு தடவை கேள். நீ நாளைக்கு அந்தப் பெரியவர்கள் முன்னால் கொப்பியை விரித்து, 'என் அம்மா எழுதியது இதில் பல இடத்தில் பிழை, அந்தப் பிழையைத்தான் நான் படிக்க வந்திருக்கிறேன்' என்று சொன்னால், அவர்கள் இடம் தருவார்களோ மாட்டார்களோ, எனக்குத் தெரியாது. தருவார்கள் என்று என் மனது குதிக்கிறது. தராவிட்டாலும் நீ உண்மையைச் சொல்லிவிட்டு வா. அதற்கு நான் கொடுக்க வேண்டிய விலை, நீ என்னைப் பார்க்கிற பார்வை. அது எப்படி மாறினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்று காலை ரோசியின் பக்கத்தை எடுத்தேன். தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது, கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்று நீதான் பழக்கினாய். 'வெறும் வயிறு' என்பதை வெட்டினேன். பக்கத்தில், 'பால்தேத்தண்ணி, இரண்டு சிரட்டை. கொடுத்தது நான். கேட்டபோது பொய் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு கட்டம் நிரப்பாமல் கிடந்தது. குழாய் இறக்க எடுத்த நேரம். அன்று கை ஓடாததால் எழுதவில்லை, ஆனால் ரோசியின் வாயிலிருந்து தண்ணீர் வந்த அந்த நொடியிலிருந்து நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மற்ற நாய்கள் எல்லாவற்றுக்கும் நீ வாயைத் திறந்ததிலிருந்து எண்ணினேன். ஒன்றும் வழியாத, ஒரு தொந்தரவும் இல்லாத நாய்க்கே நீ பதினைந்து வரைக்கும் எடுப்பாய். அன்றைக்கு வாயெல்லாம் நான் ஊற்றிய தேத்தண்ணி, தலை கீழே தொங்குகிறது, தொண்டை கண்ணுக்குத் தெரியாமலே நீ இறக்கினாய். ஒன்பது எண்ணுவதற்குள் குழாய் உள்ளே இருந்தது.

அதையும் எழுதிவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லித்தானே என்னை அந்த மேசைப் பக்கத்தில் உட்காரவைத்தாய். பார்த்தவள் சொல்கிறேன். உன் கை பிந்தவில்லை.

அம்மா